ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவே

"இத்தனை வாரமா என்னை முட்டாளாக்கி இருக்கே. ஏன்?"

ஆராய்ச்சி மேடம் இப்படிக் கேட்டதும், தையல்காரி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு அது. 'பேட்', 'மேப்', 'ஹேட்' என்கிற சொற்களுக்கு நடுவில் வரும் அந்த உயிரொலிதான் மேடத்தின் ஆராய்ச்சி. ஆ-வும் இல்லை, ஏ-வும் இல்லை. வாயை அகட்டிச் சொல்ல வேண்டிய ரெண்டுங்கெட்டான் சத்தம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கம்ப்யூட்டர் அதை அளந்து திரையில் ஒரு புள்ளி வைக்கும். சரியாகச் சொன்னால் வட்டத்துக்குள்ளே, தப்பென்றால் வெளியே.

பத்து வாரமாக இவளுடைய புள்ளி ஒன்றுகூட வட்டத்தை எட்டிப் பார்த்ததில்லை.

இன்று கடைசித் தேர்வு. தேறாதவர்களுக்கு அடுத்த வகுப்பில் இடம் கிடையாது. முதல் தடவையாக ஒவ்வொருவரையும் தனி அறையில் உட்காரவைத்துப் பதிவு செய்தார் மேடம். இருபது சொல். தையல்காரியின் இருபது புள்ளியும் வட்டத்துக்குள்ளே, கச்சிதமாக!

மேடம் அவளுடைய பழைய பதிவுகளைத் திரையில் பரப்பினார்.

"இங்க பாரு. நிஜமாவே சொல்ல வராதவங்களுக்குப் புள்ளி கண்டபடி சிதறும். மொத ரெண்டு வாரம் போக, உன் தப்பெல்லாம் ஒரே எடத்துல குமிஞ்சு கிடக்கு. தெரிஞ்சே தப்பா சொன்னாதான் இப்படி வரும். மனுஷங்களை ஏமாத்தலாம், இதை ஏமாத்த முடியாது."

தையல்காரி மெல்ல வாய் திறந்தாள்.

"மூணாவது வாரமே வந்துடுச்சு மேடம்."

"அப்புறம் என்ன?"

"கிளாஸ்ல பக்கத்துலயே அவரு உக்காந்திருப்பாரே."

அவர் என்றால் அவள் வீட்டுக்காரன். லிப்ட் மெக்கானிக். இருவரும் சேர்ந்துதான் வகுப்புக்கு வருவார்கள், சேர்ந்துதான் போவார்கள்.

"அவருக்கு என்ன பண்ணாலும் வரமாட்டேங்குது. நான் மட்டும் டாண் டாண்னு சொன்னா அவரு மனசு கஷ்டப்படாதா? படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு நின்னுடுவாரு. அதான்..."

மேடத்துக்குச் சுருக்கென்றது. எவ்வளவு படித்தாலும், எந்த ஊருக்குப் போனாலும், இந்தக் கதை மாறவே மாறாதா? ஆம்பளையின் கௌரவத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு பெண் தன் நாக்கையே மடக்கிக்கொள்ள வேண்டுமா? ஆய்வுக் கட்டுரையில் இதற்கென்று தனியாக ஒரு பகுதியே எழுதலாம் என்று தோன்றியது. தலைப்புகூடக் கிடைத்துவிட்டது.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சேச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்?"

அந்த வாக்குறுதி, அடுத்ததாக மெக்கானிக் உள்ளே வந்து உட்காரும்வரை தாங்கியது.

"உங்க மனைவி இருபதுக்கு இருபது. தெரியுமா உங்களுக்கு?"

மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்த அவன் கை அப்படியே நின்றது.

"இத்தனை வாரமா, நல்லா வர்றதை வராத மாதிரி நடிச்சிருக்காங்க. யாருக்காக? உங்களுக்காக! பொண்டாட்டி ஒரு படி மேல ஏறிட்டா உங்களுக்கெல்லாம் பொறுக்காது, இல்ல? பக்கத்துல உக்காந்து கத்துக்கறவளை ஊமையாக்கி வெச்சிருக்கீங்க. உங்களுக்கு வரலைன்னா அது உங்க பாடு. அவங்க வாயை ஏங்க கட்டறீங்க?"

மேடம் நிறுத்தவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். ஆளுக்கு நன்றாக உறைத்திருக்கிறது என்று மேடத்துக்குத் திருப்தி.

"சரி, படிங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். முதல் புள்ளி வட்டத்துக்குள் விழுந்தது. குருட்டாம்போக்கில் வந்திருக்கும் என்று நினைத்தார் மேடம். இரண்டாவதும் உள்ளே விழுந்தது. ஐந்து, பத்து, பதினைந்து... இருபதும் உள்ளே!

மேடம் அவசரமாக மெக்கானிக்கின் பழைய பதிவுகளைத் திறந்தார். இத்தனை நாளில் அதைப் பார்க்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. முதல் நாள் தப்புகளைத் தவிர மற்றதெல்லாம் சிதறாமல் சிந்தாமல், ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் குமிந்து கிடந்தன.

"உங்களுக்கு... எப்பலேர்ந்து வருது?"

"முதல் வாரமே, கிளாஸ் முடிஞ்சு போற வழியில வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்தப்ப வந்துடுச்சுங்க" என்றான் அசட்டுச் சிரிப்போடு. "ஆனா அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவ நோட்டைக் கட்டிலுக்கு அடியில வீசிட்டா. 'என் நாக்குக்கு இதெல்லாம் வராது, நீங்க மட்டும் போங்க'ன்னு ஒரே அழுகை. 'எனக்கும்தான் வரலை, வா, ரெண்டு பேரும் சேர்ந்தே திணறுவோம்'னு சொல்லித்தான் திரும்பக் கூட்டிட்டு வந்தேன். அப்படிச் சொல்லிட்டு, அவ பக்கத்துல உக்காந்து நான் எப்படிங்க சரியா சொல்றது? இன்னிக்குத்தான் நிம்மதியா வாயைத் திறந்தேன்."

மேடத்துக்குக் காது மடல் சூடானது.

"அவ்வளவு நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினேனே. இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"திட்டினீங்களா?" மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "அவளுக்கு இருபதுக்கு இருபதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் நீங்க பேசினது ஒண்ணும் என் காதுல ஏறலைங்க மேடம்."