இரண்டு பேர்

“நான் வராத ஊர்லயும் எனக்குக் கட்டில் போட்டிருப்பாங்களாப்பா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

அவளுடைய அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பும் பேருந்தில், முந்தைய இரவு தங்கிய விடுதிக்காரர்கள் தன் கிரெடிட் கார்டில் இன்னொரு கட்டிலுக்கென்று அறுநூறு ரூபாய் கூடுதலாக எடுத்திருப்பதைக் குமரேசன் கவனித்தார். போனிலேயே வங்கியில் புகார் கொடுத்துவிட்டு விடுதியை அழைத்தார்.

“தனியா வந்தவனுக்கு எதுக்குய்யா ரெண்டு கட்டில்? பேங்க்ல புகார் குடுத்திருக்கேன்.”

“பதிவேட்டுல ரெண்டு பேருன்னு நீங்கதான் சார் எழுதுனீங்க,” என்றார் விடுதி ஊழியர். “கையில கலசம் இருந்துச்சு. கேக்க மனசு வரல, போட்டுட்டேன். புகார்னா என் சம்பளத்துல பிடிப்பாங்க. பரவால்ல சார்.”

குமரேசன் வழியிலேயே இறங்கி விடுதிக்குத் திரும்பினார். ஊழியர் சாப்பிடப் போயிருந்தார். பதிவேட்டில் தன் பெயர் இருந்த பக்கத்தில் அறுநூறு ரூபாயை வைத்து மூடினார். இரண்டு என்று எழுதியிருந்ததைத் திருத்தவில்லை.