பன்னிரண்டாயிரம் அடி

ஜெயபாலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனும் மனைவி மாலினியும் என்ஜினியர்களாக வேலை பார்க்கும் எல்லர்ஸ்லி கம்பெனி, பன்னிரண்டாயிரம் அடி உயரத்திலுள்ள லா பாஸ் நகரத்துக்கு ஓர் என்ஜினியரை அனுப்பப் போகிறது. விண்ணப்பித்துவிட்டான். மருத்துவப் பரிசோதனைதான் பாக்கி.

"அங்கை காத்து குறைவாம். குனியக் கூடாதாம், பாரம் தூக்கக் கூடாதாம். இப்பவே பழகோணும். புல்லை நீர் வெட்டுமன்," என்றான் மாலினியிடம்.

"ஓமப்பா."

"காரிலை அரிசி மூட்டை கிடக்கு. நான் மூச்சை மிச்சம் பிடிக்கோணும்."

"ஓமப்பா."

மூன்று மாதம் ஜெயபாலன் பிளாக்ஹவுஸ் பே வீட்டுச் சோபாவிலேயே லா பாஸ் வாழ்க்கை வாழ்ந்தான்.

பரிசோதனையன்று டிரெட்மில்லில் நாலாவது நிமிடமே அவனுக்குத் தலை சுற்றிவிட்டது. அடுத்து ஏறிய மாலினி இருபது நிமிடம் ஓடிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கூட வாற மனுசிக்கும் ஏன் இவ்வளவு பெரிய டெஸ்ட்?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் ஜெயபாலன்.

மாலினி அவனுக்குத் தண்ணீரை நீட்டினாள்.

"அந்த வேலைக்கு நானும் எழுதிப் போட்டனான், அப்பா. மூண்டு மாசமா நல்ல பயிற்சியெல்லே தந்தனீங்கள்."