மல்லிகைக் கட்டு

பிள்ளையைப் புதைத்த மறுநாள், பால் வற்றட்டும் என்று தங்கமாரியின் மார்பில் மல்லிகைப்பூவை வைத்து இறுகக் கட்டிவிட்டாள் அவள் அம்மா. பூவைப் பார்த்து அடங்குகிற பாலா அது? ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில், மயக்கம் தெளியாத தாயருகே ஒரு பச்சைப்பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தது. தங்கமாரி கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“குடுங்கக்கா, நான் பசியாத்துறேன்.”

அந்தப் பிள்ளையின் அத்தை கும்பிடாத குறையாகத் தூக்கிக்கொண்டு வந்தவள், பாதியில் நின்றாள்.

“ஆமா, நீங்க என்ன ஆளுங்கம்மா?”

“பெத்ததை மண்ணுக்குக் குடுத்த ஆளுங்கக்கா.”

அத்தை ஓரடி பின்னால் போனாள். பிள்ளை அவள் முந்தானையைச் சப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வீறிட்டது. தங்கமாரி நீட்டிய கையை மடக்கவில்லை. அது கத்தக் கத்த, அவள் ஜாக்கெட் நனைந்துகொண்டே இருந்தது.