முதல் பரிசுப் பிள்ளை

“இந்தப் பிள்ளைக்கு என்ன பால் குடுக்கிற?”

தராசில் கிடந்த மல்லிகாவைப் பார்த்தபடியே கேட்டார் தாதி மிஸ்ஸி பாக்கியலட்சுமி. ஐந்து மாதப் பிள்ளை. தராசு முள் நகர்வதற்கே யோசித்தது.

“கட்டிப் பாலுங்க மிஸ்ஸி,” என்றாள் பொன்னம்மா.

“தேத்தண்ணிக்கு ஊத்துற பாலா?”

“தண்ணி கலந்துதாங்க…”

“எதைக் கலந்தா என்ன? அதுல பாதி சீனி! பிள்ளைக்குக் குடுக்காதேன்னு டின்னு மேலேயே போட்டிருக்கே!”

“நான் சொல்லாத நாளில்லை மிஸ்ஸி. இதுங்க கேட்டாத்தானே?” என்று குறுக்கே வந்தார் கமலவேணி.

புக்கிட் பாரு தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி வீட்டு அம்மாள். பொன்னம்மா அவர் வீட்டில் வேலை செய்பவள். அம்மாளின் இடுப்பில் ஜெயபாலன். அவனுக்கும் அதே ஐந்து மாதம்தான். தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாகச் சதை.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு காஜா பெராங்கில் மாதர் சங்கம் நடத்துகிற முதல் குழந்தைப் போட்டி. மேடையில் கொடி, ஒலிபெருக்கி, மேசைமேல் ஒரு பெட்டி பால்மாவு. எந்தப் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதோ அதற்குத்தான் அந்தப் பெட்டி. கொழுத்த பிள்ளைக்கு எதற்கு இன்னும் பால்மாவு என்று யாரும் கேட்கவில்லை.

மல்லிகா போட்டிக்கு வந்தவள் அல்ல. பொன்னம்மாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவளை மிஸ்ஸிதான் பிடித்துத் தராசில் போட்டார்.

“உனக்கே பால் இல்லையா?”

பொன்னம்மா கமலவேணியைப் பார்த்தாள்.

“வத்திப்போச்சுங்க.”

“இப்படியே போனா பிள்ளை தங்காது. சொல்லிட்டேன்.”

பொன்னம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

ஒலிபெருக்கி அலறியது. முதல் பரிசு ஜெயபாலனுக்கு! கமலவேணி சேலையைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு விரைந்தார்.

மிஸ்ஸி பொன்னம்மாவை விடவில்லை. தராசைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, மல்லிகாவின் வயிற்றை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். மேடையிலிருந்து கமலவேணியின் குரல் கேட்டது.

“என் மகனுக்குப் பிறந்ததிலிருந்து பால்மாவுதான். முதல்ல ஹாஃப் கிரீம். ஆடை பாதி எடுத்த மாவு, பிஞ்சு வயிறு அதைத்தான் தாங்கும். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் ஃபுல் கிரீம். தண்ணியைக் கொதிக்க வைக்கணும். பாட்டிலை அவிக்கணும். மாவைக் கரண்டியால சரியா அளக்கணும். இதுக்கெல்லாம் சோம்பல்பட்டா பிள்ளை எப்படி வளரும்?”

பலத்த கைதட்டல்.

“நல்லாக் கேட்டுக்க. உன் எஜமானியம்மாதானே பேசுறாங்க?” என்றார் மிஸ்ஸி.

“கேட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன்.”

கைதட்டலில் மிரண்டு ஜெயபாலன் வீறிட்டு அழுதான். ஒலிபெருக்கி அதையும் பெரிதாக்கி மண்டபம் முழுக்க அனுப்பியது. அம்மாள் பாட்டிலை நீட்ட, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஃபோட்டோக்காரரைப் பாத்து வெட்கம்!” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

திரைக்குள் மல்லிகா அழவில்லை. அழுவதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

மிஸ்ஸி தற்செயலாக நிமிர்ந்தார். பொன்னம்மாவின் ரவிக்கை நனைந்திருந்தது. ஜெயபாலன் அழ அழ, ஈரம் பரவிக்கொண்டே போனது. பொன்னம்மா அவசரமாக முந்தானையை இழுத்து மூடினாள்.

“கையை எடு. வத்திப்போச்சுன்னு சொன்னியே, இது என்ன?”

பொன்னம்மா முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“இவ்வளவு பாலை வெச்சுக்கிட்டு, பெத்த பிள்ளைக்குக் கட்டிப் பாலா? அது எலும்பாக் கிடக்கு, நீ கல்லு மாதிரி நிக்கிற! நீயெல்லாம் ஒரு தாயா?”

பொன்னம்மாவின் உதடுகள் அசைந்தன. அதற்குள் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மேடையில் கேட்ட அதே குரல் இப்போது கிசுகிசுத்தது.

“பொன்னம்மா, இங்கேயா இருக்க? உன் பிள்ளையை அப்புறம் பாத்துக்கலாம், சீக்கிரம் வா. தம்பி பசியில துடிக்கிறான். யாரும் பாக்கிறதுக்குள்ள பின்னால கொண்டுபோய் அமர்த்திட்டு வந்துடு.”