இல்யாஸ் அடித்த காற்று

திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில், அன்பழகனின் சைக்கிள் கடை வாசலில் சாயங்கால வெயில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. இறந்துபோன அண்ணன் இல்யாஸின் மவுண்டன் பைக்கில் ஹஃபீஸா ஏறி உட்கார்ந்திருக்கிறாள். சீட்டுக்குக் கீழே, பின்சக்கரத்தின் குலுக்கலை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்று ஷாக், அவளுக்குக் கொஞ்சமும் அசைந்துகொடுக்கவில்லை. “கனத்த ஆளுக்கு வச்ச காத்தும்மா இது. ஒங்க எடைக்கு அமுங்காது. பள்ளம் வந்தா முதுகுலதான் இடிக்கும். கொஞ்சம் எறக்கிடுறேன்.” குனிந்து ஷாக்கின் மூடியைக் கழற்றி, வால்வு முள்ளை நகத்தால் அழுத்துகிறான் அன்பழகன். உஸ்ஸென்று ஒரு சீறல். “ஐயோ, விடுங்க!” ஹஃபீஸா குதித்திறங்கி அவன் கையைத் தட்டிவிடுகிறாள். “அது எங்க இல்யாஸ் நானா அடிச்ச காத்து. மவுத்தான அன்னிக்குக் காலையில அடிச்சது.” அவன் விரல் அந்தரத்தில் நிற்கிறது. உத்தரத்தில் தொங்கும் பழைய டியூபுகள் கடற்காற்றில் ஒன்றோடொன்று உரசுகின்றன. போனது போக மீதியை அவள் உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறாள். அந்தக் கை விலகும்வரை காத்திருந்து அவன் மூடியைத் திருகுகிறான். அவள் மறுபடியும் ஏறி உட்கார்கிறாள். முதல் தடவையாகச் சீட்டு நூலளவு தாழ்கிறது, பின்னால் யாரோ ஏறிக்கொண்டதைப் போல. அவள் திரும்பிப் பார்க்காமல் பெடலை மிதிக்கிறாள்.