பாதியில் நின்ற மாப்பிள்ளை வண்டி

"ரிப்பேருக்குத்தானே விட்டேன்? மூணு நாள் வச்சிருந்து, இன்னைக்குப் பாத்து..."

"வண்டி ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு, ஆனா நடுரோட்டுல..."

"ஓடுச்சுல்ல? முதல்ல அதைச் சொல்லு."

கத்திக்கொண்டிருந்த திலெக்கின் நெற்றியில் கோழிமுட்டை அளவுக்குப் புடைப்பு. இடது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மலையூரான கோச்கோரின் சந்தைக்குப் பின்னால், புருல் அக்காவின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வண்டிக்காகக் காத்திருந்த ஆட்டுக்காரர்கள் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"பாருங்கய்யா, கல்யாண நாளும் அதுவுமா என் கோலத்தை! இந்த அம்மா ரிப்பேர் பண்ண லட்சணம்!"

புருல் அக்கா நிமிரவே இல்லை. அவன் வண்டியின் பெட்ரோல் டேங்க் மூடியை மடியில் கவிழ்த்துப் போட்டு, கொண்டை ஊசியால் குடைந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பல் குத்துகிறவள் போல அப்படி ஒரு நிதானம். மனிதன் தொண்டை கிழியக் கத்துகிறான், இவளுக்கு அழுக்கு நோண்டுவதுதான் இப்போது முக்கியமா என்று திலெக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வண்டியோட விழுந்துட்டியா?" என்றார் ஓர் ஆட்டுக்காரர்.

"விழல."

"அப்ப இந்தப் புடைப்பு?"

புருல் அக்காதான் பதில் சொன்னாள். "மத்துக்கட்டை. குதிரைப்பால் கடையற மத்து பட்டா இப்படித்தான் உருண்டையா வீங்கும்."

ஆட்டுக்காரர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"சைடுகார்ல யாரை வச்சிருந்தே, அதையும் சொல்லு மாப்பிள்ளை" என்றார் இன்னொரு ஆட்டுக்காரர், வண்டியின் பக்கவாட்டில் பூட்டியிருந்த தொட்டியைக் காட்டி.

"என் பொண்டாட்டியை."

"பொண்டாட்டியா!"

"ஆகப்போறவ. ஆஸ்பத்திரி நர்ஸ் ஐபெரி."

"அடப்பாவி, அவதான் உன்னை வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாளே?"

"சொன்னா என்ன? தூக்கிட்டு வந்து தலையில வெள்ளை முக்காட்டைப் போட்டாச்சுன்னா கல்யாணம் முடிஞ்ச மாதிரி, எல்லாம் அடங்கிடும். எங்கம்மா முக்காட்டோட வாசல்ல நிக்கறாங்க. விருந்துக்கு ஆடு வெந்துட்டிருக்கு."

"பொண்ணைத் தூக்க ஊருல ஒரு காரு கிடைக்கலையாடா உனக்கு?" புருல் அக்கா ஊசியைத் திருப்பிப் பிடித்தாள். "சைடுகார்ல உருளைக்கிழங்கு மூட்டைதான் போகும். உனக்குப் பொம்பளைன்னா மூட்டைதான் போல."

"அக்கா, அவ கத்தக்கூட இல்ல! நானும் என் கூட்டாளி உலானும் ஆஸ்பத்திரி வாசல்ல வச்சுப் பிடிச்சு ஏத்தினோம். வாயத் திறக்கல. கைப்பையை மடியில வச்சுக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்து வந்தா. சம்மதம்னுதானே அர்த்தம்?"

"அப்புறம்?" என்றார் ஓர் ஆட்டுக்காரர்.

"எங்க வீட்டுக்குப் போற கணவாய் ரோட்டுல ஏறினோம். வண்டி இருமுச்சு. விக்குச்சு. நின்னுது. நிக்கறதுக்கு இடமா இல்ல இந்த உலகத்துல?"

கோடை வந்தால் அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் கூடாரம் போட்டுப் புளித்த குதிரைப்பால் விற்கிறவர்கள் முக்கால்வாசியும் ஐபெரியின் பெரியம்மாக்கள், சித்திகள். அங்கே எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வண்டி நின்றாலும் அது அவளுக்குத் தாய்வீட்டு வாசல்தான்.

"பைய எடுத்துக்கிட்டு இறங்கினா. 'சித்தீ'ன்னு ஒரே ஒரு சத்தம். பால் கடைஞ்சிட்டிருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் மத்தோட ஓடி வந்தாங்க."

"உலான்?"

"மலை மேல ஓடிட்டான், நாய். 'இன்னொரு தடவை இவ பக்கம் வந்தே, மத்து வராது, போலீஸ் வரும்'னு சொல்லிட்டு, அவளோட பெரியம்மா ஒண்ணு அந்த வழியா வந்த பஸ்ஸை நிறுத்தி, உள்ள இருந்தவங்களுக்கெல்லாம் என் மூஞ்சியைக் காட்டுது. இனிமே இந்தப் பக்கத்துல எவ என்னைத் திரும்பிப் பாப்பா?"

"முன்னாடி மட்டும் வரிசையில நின்னாங்களாக்கும்."

"சிரிங்க! அடியெல்லாம் வாங்கி முடிச்சு, பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்தேன். புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விட்டுது. ஒரே உதை, கிளம்பிடுச்சு! இந்தச் சனியன் அதுக்கு முன்னாடி கிளம்பியிருக்கக் கூடாதா?" புருல் அக்காவை நோக்கிச் சட்டென்று விரலை நீட்டினான். "இவ்வளவு பேர் முன்னாடி கேக்கறேன். பட்டறைக்கு வர்ற கஸ்டமர் என்ன கேப்பான்? போற இடத்துல போகணும், நிக்கற இடத்துல நிக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"கஸ்டமர் சொன்னதைச் செய்யறதுதானே நல்ல பட்டறை?"

"அதைத்தான் செஞ்சேன்."

புருல் அக்கா மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, அதிலிருந்த காற்றுத்துளை வழியாக ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தாள். ஊசி நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைச் சுண்டினாள். அது அவனுடைய மாப்பிள்ளை பூட்ஸின் மேல் போய் விழுந்தது.

திலெக் குனிந்து தொட்டுப் பார்த்தான். "மெழுகு மாதிரி இருக்கே?"

"மெழுகுதான். இந்தத் துளையை அடைச்சா டேங்குக்குள்ள காத்து போகாது. கொஞ்ச தூரம் ஜோரா ஓடும். அப்புறம் மூச்சு முட்டிப் படுத்துக்கும். மூடியைத் திறந்தா எழுந்துக்கும்."

"நீங்களா அடைச்சீங்க?" அவன் வாய் பிளந்தபடியே நின்றது. "நான் கேக்கவே இல்லையே! நான்தானே கஸ்டமர்!"

அவள் மூடியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"வண்டியை விட்டுட்டு, யாரைத் தூக்கப்போறேன்னு சந்தை பூரா பீத்திட்டுப் போனியே, அன்னைக்குச் சாயங்காலமே ஐபெரியும் கஸ்டமரா வந்து சொல்லிட்டுப் போனா, வண்டி எந்த ரோட்டுல நிக்கணும்னு."