பீட்ரூட் சிவப்பு

இரண்டு சோப்புக் கட்டிகளைக் கணவன் முன்னால் வைத்தாள். எதில் என்ன போட்டிருக்கிறது என்று இந்த முறை சொல்லவில்லை.

"இதுல சிவப்பு எது?"

ஒன்று கீரைச் சாறு விட்டது. இன்னொன்று மஞ்சிட்டி வேரைப் பொடி செய்து போட்டது. அது பச்சை, இது சிவப்பு. குழந்தைகூடச் சொல்லிவிடும். முகர்ந்து கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இரண்டிலும் எலுமிச்சை எண்ணெயை ஒரே அளவில் ஊற்றியிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அளவு தப்பாது.

எல்லாம் பீட்ரூட்டால் வந்த வினை.

கல்யாணமான புதிதில் அவளுக்கு சோப்புப் பைத்தியம் பிடித்தது. கடைச் சாயம் கூடாது, செடியிலிருந்துதான் நிறம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம். பீட்ரூட்டைப் பிழிந்து, எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்த குழம்பில் ஊற்றினாள். அழகான சிவப்பாக விழுந்த சாறு, கலக்கக் கலக்கப் பழுப்பேறியது. மறுநாள் டப்பாவைக் கவிழ்த்தால் சேற்றைப் பிடித்து வைத்த மாதிரி ஒரு கட்டி.

ஏமாற்றத்தைவிட ஆச்சரியம்தான் அவளுக்கு அதிகம். சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவக்கிறதே, அதே சங்கதி. காரம் பட்டால் செடியின் நிறம் அந்தர்பல்டி அடித்துவிடுகிறது.

"பீட்ரூட் போட்டேன், எப்படி வந்திருக்கு?" என்று கட்டியைக் கணவனிடம் நீட்டினாள்.

"நல்ல சிவப்பா வந்திருக்கே."

மனம் நோகக் கூடாதென்று சொல்கிறான், பாவம் என்று சிரித்துக்கொண்டாள்.

அடுத்து செம்பருத்தி. சாம்பல் பூத்துப் போயிருந்த அதையும், செம்பருத்திச் சிவப்பே தனிதான் என்று மெச்சினான். மஞ்சள் தூள் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அதைப் பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது என்றான்.

அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை அவளுக்குத் தெரியும். இவன் சோறுகூட இல்லாமல் மறைக்கிறான். சோப்புக்கே வாய் கூசாமல் பொய் சொல்கிறவன் வேறு எதற்குத்தான் சொல்ல மாட்டான்? வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வருகிறேன் என்கிறான். உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்கிறான். ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

கண்ணில் கோளாறு என்று நினைக்கவும் வழியில்லை. அவன் கடிகாரம் பழுது பார்க்கிறவன். தலைமுடியைவிட மெல்லிய ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்துப் பொருத்துகிற கண் அது.

போதாததற்கு அந்தக் குடை வேறு நினைவில் வந்து குடைந்தது. பஸ் நிறுத்தத்தில் முதன்முதலாக அவன் அவளிடம் பேசியதே, உங்கள் பச்சைக் குடை அழகாக இருக்கிறது என்றுதான். அவள் பிடித்திருந்தது நல்ல சிவப்புக் குடை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான், குடையைப் பார்க்கவே இல்லை என்று தோழிகளிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அவனுக்குச் சரி என்று தலையாட்டியதே அந்தக் குடையை நம்பித்தான்.

இப்போது அவன் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தான். மற்றதையும் முகர்ந்தான். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பிடித்தான். ஓடாத கடிகாரத்தைப் பார்க்கிற அதே கவனம். பார்க்காமல் சொல்கிறவன் இல்லை, நன்றாகத்தான் பார்க்கிறான் என்பது அவளுக்கு உறைத்தது.

அவன் நெற்றி வியர்த்தது. இரண்டையும் மெதுவாக மேசையில் வைத்தான்.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீ என்ன போட்டேன்னு சொல்றியோ, அத வச்சுத்தான் இவ்வளவு நாளும் நிறம் சொன்னேன்."

அவள் அலமாரியிலிருந்து அந்த பீட்ரூட் கட்டியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். பீட்ரூட்டை மறந்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

அவன் தயங்கித் தயங்கி, சேறு மாதிரி இருக்கிறது என்றான்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பீட்ரூட் என்றால் சிவப்பு என்று நம்பிய அப்பாவி அவன். பொய் சொன்னது பீட்ரூட்தான். அவனும் சேர்ந்து சிரித்தான். சோப்பு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போனது அன்றுதான்.

சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியானால் குடை?

கண் குழம்பியதால்தான் பச்சை என்றிருக்கிறான். அப்படியென்றால் குடையைப் பார்த்திருக்கிறான். முகத்தை இல்லை. இத்தனை நாள் கட்டிக் காத்த பெருமை, சோப்பு நுரையாய்ப் போய்விடும் போலிருந்தது.

"அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நீங்க குடையத்தான் பாத்தீங்களா?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். பெயரைக் கேட்டு நிறம் சொல்வதற்கு இங்கே செடி எதுவும் இல்லை. அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

ஜன்னல் வெளிச்சம் அவன் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. கிலோக் கணக்கில் பிழிந்தும் ஒரு சோப்பிலும் வராத அந்த பீட்ரூட் சிவப்பு, அவன் காதுமடல்களில் ஏறியது.

அது அவனுக்குத் தெரியாது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.